ஒரு பேரிங்கின் பயமும் ஒரு 911-இன் விலையும்: போர்ஷே 996 நிகழ்வு ஆய்வு

1999-இல் அமெரிக்காவில் புது போர்ஷே 911 கரேரா கூப்பே ஏறக்குறைய 65,000 டாலர். 911-இன் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு எண் உண்டு, இந்தத் தலைமுறையின் எண் 996. அதே வண்டி 2012 வாக்கில் 15,000 முதல் 20,000 டாலருக்குள் கிடைத்தது, ரொம்ப ஓடிய வண்டி என்றால் அதற்கும் கீழே. அன்றைக்கு ஷோரூமில் நின்ற சாதாரண டொயோட்டா கேம்ரியைவிடக் குறைந்த விலையில் ஒரு 911! அப்புறம் பத்து வருடத்தில் கதை மாறியது. நல்ல நிலையில் இருக்கிற, கையால் கியர் மாற்றுகிற கூப்பேக்கு 30,000 டாலரை ஒட்டியும் அதற்கு மேலும் கொடுக்க ஆள் வந்தார்கள்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு: ஸ்போர்ட்ஸ் கார் என்றால் முதல் பதினைந்து வருடம் விலை இறங்கும், அப்புறம் அது 'கிளாசிக்' ஆகி ஏறும், பொறுத்திருந்து வாங்கினால் போதும். இந்த விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஓரிரு வருட இடைவெளியில் வந்த வண்டிகளே முற்றிலும் வேறு வேறு பாதையில் போயிருக்கின்றன. வயசுதான் காரணம் என்றால் அப்படிப் போயிருக்க முடியாது. 996-இன் விலையை இறக்கியது பெரும்பாலும் பயம். அந்தப் பயத்தை ஒரு செலவுத் தொகையாக எழுதிப் பார்க்க முடிந்த பிறகு விலை திரும்பியது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 911 முதலில் காட்டப்பட்டது 1963-இல், பிராங்க்பர்ட் கார் கண்காட்சியில். அதிலிருந்து 1998 வரைக்கும், அதாவது 993 என்ற தலைமுறை முடியும் வரைக்கும், பின்பக்கம் இருந்த ஆறு சிலிண்டர் எஞ்சினைக் காற்றுதான் குளிர்வித்தது. 90-களின் தொடக்கத்தில் போர்ஷே கிட்டத்தட்ட மூழ்கும் நிலையில் இருந்தது. விற்பனை சரிந்துவிட்டது, ஒரு வண்டியைச் செய்து முடிக்க ஆகும் நேரமும் செலவும் கட்டுக்கடங்காமல் போனது. வெண்டலின் வீடெகிங் கம்பெனியின் தலைமைப் பொறுப்பேற்றதும், வீண் நேரத்தையும் செலவையும் குறைக்கும் டொயோட்டா முறையில் பழகிய ஜப்பானிய ஆலோசகர்களைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார். பாக்ஸ்டர், 911 என்ற இரண்டு வண்டிகளையும் ஒரே உதிரிபாகங்களை வைத்துச் செய்வது என்று முடிவானது. 996-க்கும் பாக்ஸ்டருக்கும் முகம் ஒரே மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம்.

1997-இல் வந்த 996-இன் எஞ்சின் தண்ணீரால் குளிர்விக்கப்படுவது. 3.4 லிட்டர், 300 குதிரைத்திறன், எம்96 என்று பெயர். புகை, சத்தம் பற்றிய சட்டங்கள் இறுகிக்கொண்டே வந்தன, சிலிண்டருக்கு நான்கு வால்வு வைக்க வேண்டியிருந்தது, காற்றை நம்பி இனி ஓட்ட முடியாது என்று ஆகிவிட்டது. பொறியியலாகப் பார்த்தால் சரியான முடிவு, கம்பெனியைக் காப்பாற்றிய முடிவும்கூட. ரசிகர்களுக்கு மனசு ஆறவில்லை. வட்டமான ஹெட்லைட் போய், இண்டிகேட்டரையும் ஒரே கண்ணாடிக்குள் அடக்கிய ஒரு வடிவம் வந்தது. பொரித்த முட்டை என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். ஆரம்ப வண்டிகளில் டாஷ்போர்டில் பொருள் வைக்க மூடியுள்ள பெட்டிகூடக் கிடையாது, 2002-இல்தான் வந்தது. எஞ்சின் 3.6 லிட்டராகி 320 குதிரைத்திறன் ஆனதும், டர்போ வண்டியின் ஹெட்லைட் சாதாரண கரேராவுக்குக் கிடைத்ததும் அப்போதுதான்.

முதல் ஐந்தாறு வருடத்தில் விலை பாதிக்குப் பக்கம் வந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை, புதிதாக வாங்கும் எந்த விலையுயர்ந்த காருக்கும் நடப்பதுதான். ஆனால் 2004-இல் அடுத்த தலைமுறையான 997 வந்தபோது அதில் வட்ட ஹெட்லைட் திரும்பியிருந்தது. போர்ஷேயே 996-இன் முகத்தைக் கைவிட்டுவிட்டது என்று சந்தை எடுத்துக்கொண்டது. இதுவரை "புதுசு" என்ற மதிப்பாவது இருந்தது, இனி அது "பழைய 911, அதிலும் பிடிக்காத 911." அந்தச் சமயம் பார்த்துத்தான் பேரிங் பேச்சு பரவ ஆரம்பித்தது.

எம்96 எஞ்சினுக்குள் ஒரு இடைத்தண்டு ஓடுகிறது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சங்கிலி வழியாக வாங்கி, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கடத்தும் தண்டு. இது 911-க்குப் புதிதல்ல, பழைய காற்றுக் குளிர்விப்பு எஞ்சின்களிலும் இருந்தது. ஆனால் அங்கே அது அழுத்தத்தோடு வரும் ஆயில் படலத்தின் மேல் சுற்றும். எம்96-இல் கிளட்ச் பக்கத்து முனையைத் தாங்குவது ஒரு மூடிய பால் பேரிங், உள்ளேயே கிரீஸ் அடைத்து சீல் வைத்தது. காலப்போக்கில் அந்த சீல் தளரும். எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்துவிடும். ஆனால் புது ஆயில் தாராளமாகப் போய் வந்து மசகு கொடுக்கும் அளவுக்கு வழியும் இல்லை. உள்ளே தேங்கிய ஆயிலில் உருண்டைகள் தேய ஆரம்பிக்கும். பேரிங் உடைந்தால் தண்டு ஆடும், சங்கிலியின் கணக்கு தப்பும், வால்வும் பிஸ்டனும் மோதும். அதோடு எஞ்சின் முடிந்தது. பெரும்பாலும் முன்னறிவிப்பும் இருக்காது.

ஆரம்ப வண்டிகளில் இருந்தது இரட்டை வரிசை பேரிங். 2000, 2001 வாக்கில் அது ஒற்றை வரிசையாக மாறியது, பிரச்சினையின் மையம் அதுதான். அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கூட்டு வழக்குப் போட்டார்கள். 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான பாக்ஸ்டர், 911 வண்டிகளுக்கு 2013-இல் சமரசம் ஏற்பட்டது. அந்த வழக்கை ஒட்டி வெளிவந்து பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: இரட்டை வரிசை பேரிங் உடைந்தது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, ஒற்றை வரிசை உடைந்தது நூற்றுக்கு எட்டு முதல் பத்து.

இப்போது ஒரு எளிய கணக்குப் போடுவோம். எஞ்சின் போனால் மாற்ற 20,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வண்டியில் ஒன்று போகும் என்ற மோசமான விகிதத்தையே எடுத்தாலும், ஒரு வண்டிக்குச் சராசரியாக ஏற்படும் அபாயச் செலவு 2,000 டாலர்தான். இரட்டை வரிசை வண்டிக்கு 200 டாலர்கூட இல்லை. நியாயமாகப் பார்த்தால் இந்தப் பிரச்சினைக்காக விலை இரண்டாயிரம், மூவாயிரம் இறங்கியிருக்க வேண்டும். சந்தை அதைப் போலப் பல மடங்கு இறக்கியது. அதிலும் அபாயம் குறைந்த 1999 வண்டிதான் ஒற்றை வரிசை வண்டியைவிட மலிவாகப் போனது, வயசு அதிகம் என்பதால். பயத்துக்கு வருடக் கணக்கு தெரியவில்லை. "996-ஆ, எஞ்சின் வெடிக்கும்" என்ற ஒரே வரிதான் எல்லா வண்டிக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? 20,000 டாலர் அடி ஒரே நாளில், ஒரே ஆள் தலையில் விழுகிறது. 18,000 டாலருக்கு வண்டி வாங்குகிறவரிடம் சராசரிக் கணக்குப் பேசிப் பயனில்லை, அவருக்கு அது முழு நஷ்டம். இன்னொரு காரணமும் இருக்கிறது. வண்டியின் உள்நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டியையும் மோசமான வண்டியாகவே நினைத்து விலை சொல்வார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தைக்கு வருவது மோசமானவை மட்டும் என்றாகும், பயம் உண்மையாகிக்கொண்டே போகும். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் செகண்ட் ஹேண்ட் கார் சந்தையை வைத்தே இதை விளக்கினார். அதற்கு 996-ஐவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதில் பயம் எது, பழுது எது என்று பிரித்துப் பார்க்க நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது: 996 டர்போ. அதன் எஞ்சின் எம்96 அல்ல. போர்ஷேயின் புகழ்பெற்ற எஞ்சின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் வழிவந்த பழைய அடித்தளத்தில், 1998-இல் லெ மான் பந்தயத்தை வென்ற 911 ஜிடி1-ஓடு உறவுள்ள எஞ்சின். 420 குதிரைத்திறன். அந்த மூடிய பேரிங் அதில் இல்லவே இல்லை. புதிதாக 1,10,000 டாலருக்கு மேல் விற்ற அந்த வண்டியும் 2010-ஐ ஒட்டிய வருடங்களில் 40,000 டாலர் அளவுக்கு இறங்கியது. குற்றமே செய்யாத வண்டி, குடும்பப் பெயருக்காகத் தண்டனை வாங்கியது. ஹெட்லைட், 996 என்ற எண், அவ்வளவுதான் காரணம். விவரம் தெரிந்தவர்கள் முதலில் பாய்ந்தது இதன் மேல்தான். முதலில் மீண்டதும் இதுதான், அதிலும் ஆறு கியர் மேனுவல் டர்போ.

சரி, அடிமட்ட விலையில் என்ன நடந்தது? இந்தக் கட்டத்தைத்தான் விலை வரைபடம் போடுகிறவர்கள் கவனிப்பதே இல்லை. வண்டி விலைதான் இறங்கியது, உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை. 15,000 டாலர் வண்டிக்கும் பிரேக், ரேடியேட்டர், கிளட்ச் எல்லாம் 65,000 டாலர் வண்டியின் கணக்கில்தான் வரும். யானையை வாங்கியாயிற்று, அங்குசம் வாங்கக் காசில்லை என்ற நிலையில் பலர் வாங்கினார்கள். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டார்கள். முன் பம்பருக்குள் இருக்கும் ரேடியேட்டர்களில் இலைதழை அடைந்து, ஈரம் கோர்த்து அரித்தது. கிளட்ச் மாற்றும்போதே பேரிங்கையும் மாற்றிவிடலாம், கியர்பாக்ஸ் எப்படியும் கீழே இறங்கியிருக்கும், ஆனால் அந்தச் சில ஆயிரம் டாலர் வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கு என்பதால் "அப்புறம் பார்க்கலாம்" என்று மூடிவிட்டார்கள். எஞ்சின் போன வண்டியைச் சரிசெய்வது வண்டி விலையைவிட அதிகம் என்பதால் பிரித்து உதிரிகளாக விற்றார்கள். சில வண்டிகள் சீட்டைக் கழற்றி, கம்பிக் கூண்டு வைத்து, ரேஸ் டிராக் பக்கம் போயின.

996 குடும்பம் மொத்தம் சுமார் 1,75,000 வண்டிகள், அதற்கு முந்தைய 993 வெறும் 68,000 சொச்சம். எண்ணிக்கை அதிகம், அதனால் 996 விலை ஏறாது என்று பலர் அடித்துச் சொன்னார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தார்கள், ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டு மிஞ்சியிருக்கும் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. அடிமாட்டு விலைக்குப் போன அந்த வருடங்களே நல்ல வண்டிகளை அரிதாக்கின.

திருப்பம் ஒரே நாளில் வரவில்லை. 2008 நெருக்கடிக்குப் பிறகு வட்டி அடிமட்டத்தில் இருந்தது, வங்கியில் போட்ட பணம் வளரவில்லை, பழைய வண்டி வாங்கி வைப்பது ஒரு முதலீடாகப் பேசப்பட்டது. 2012-இலிருந்து 2015-க்குள் காற்றுக் குளிர்விப்பு 911-களின் விலை எகிறியது. 993 தான் அந்த வரிசையின் கடைசி வண்டி என்பதால் அதற்குத் தனி மவுசு. 2018-இல் போர்ஷே தன்னிடம் இருந்த ஒரு பழைய 993 உடலை வைத்துப் புதிதாகச் செய்த ஒரே ஒரு டர்போ, ஏலத்தில் 30 லட்சம் டாலருக்கு மேல் போனது. இத்தனைக்கும் அந்த வண்டியைச் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. இப்படி 993 கைக்கு எட்டாமல் போனதும், 911 வேண்டும் ஆனால் அவ்வளவு பணம் இல்லை என்ற கூட்டம் மொத்தமும் அடுத்த படிக்கு இறங்கியது. அங்கே நின்றது 996.

அதே சமயத்தில் பேரிங் விஷயமும் தெளிவாகிவிட்டிருந்தது. எல்.என். என்ஜினியரிங் போன்ற சிறு நிறுவனங்கள் செராமிக் உருண்டை வைத்த மாற்று பேரிங்கை விற்றன, அப்புறம் ஆயில் அழுத்தத்தில் ஓடும் மாற்று வழியும் வந்தது. எந்த வருட வண்டியில் எந்த பேரிங், மாற்ற எவ்வளவு நேரம், எவ்வளவு கூலி என்பதெல்லாம் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கேட்டால் நிமிடத்தில் சொல்லும் விவரமாகிவிட்டது. விற்பனை விளம்பரத்தில் "பேரிங் மாற்றியாயிற்று, பில் இருக்கிறது" என்ற வரி வர ஆரம்பித்தது. என்னைக் கேட்டால் 996-இன் விலையைத் தூக்கியது அந்த ஒரு வரிதான். 20,000 டாலர் பூதம் என்று பயந்தது 3,000 டாலர் சொச்சம் பில்லாகச் சுருங்கிவிட்டது. 2014-இல் பிரிங் எ டிரெய்லர் என்ற கார் இணையதளம் இணைய ஏலத்தைத் தொடங்கியபோது, நூற்றுக்கணக்கான படங்களோடும் பழைய பில்களோடும் வண்டிகள் வர ஆரம்பித்தன, எது எவ்வளவுக்குப் போனது என்பதும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் இருந்த இருட்டு கொஞ்சம் குறைந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2011-இல் வந்த 991 தலைமுறையில் ஸ்டீயரிங் மின்மோட்டார் உதவிக்கு மாறியது, வண்டி பெரிதானது. திரும்பிப் பார்த்தால் 996 வெறும் 1,320 கிலோ, ஹைட்ராலிக் ஸ்டீயரிங், கேபிள் இழுக்கும் ஆரம்ப வண்டிகளின் ஆக்ஸிலேட்டர். முன்பு குறையாகச் சொன்ன எளிமையே இப்போது தேடும் குணமாகிவிட்டது. வண்டி மாறவே இல்லை, அதற்குப் பின்னால் வந்தவை மாறியதால் இதன் இடம் மாறியது.

2020, 2021-இல் பெருந்தொற்று, சிப் தட்டுப்பாடு, புது வண்டி கிடைக்காத நிலை. செகண்ட் ஹேண்ட் விலை எல்லாமே ஏறியபோது 996-ம் சேர்ந்து ஏறியது. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த அமெரிக்க வட்டி விகிதம் 2023 ஜூலையில் 5.25-5.5 சதவீதத்துக்குப் போனதும் அந்த வேகம் தணிந்தது. சுமாரான வண்டிகள் இறங்கின, பில்லோடு வரும் நல்ல வண்டிகள் அவ்வளவாக இறங்கவில்லை.

இப்போது பணக்கணக்கு. இதை யாரும் முழுசாகப் போடுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1999-இன் 65,000 டாலர் இன்றைய பணத்தில் 1,20,000 டாலருக்கு மேல் வரும். ஆக, இன்றைய 30,000 டாலர் என்பது புது விலையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. முதல் ஓனரின் நஷ்டம் திரும்ப வரவே இல்லை, வரவும் போவதில்லை. சரி, அடிமட்டத்தில் வாங்கியவர்? 2012-இல் 15,000-க்கு வாங்கி 2022-இல் 30,000-க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். காகிதத்தில் இரட்டிப்பு. விலைவாசியைக் கழித்தால் அந்த 15,000 ஏற்கெனவே 19,000 ஆகிவிட்டது. கிளட்ச், பேரிங், தண்ணீர் பம்ப், டயர், சஸ்பென்ஷன் புஷ், வருடாந்தர சர்வீஸ், இன்சூரன்ஸ் என்று வருடத்துக்கு 2,000 டாலர் என்று குறைத்தே போட்டாலும் பத்து வருடத்துக்கு 20,000. லாபம் எங்கே? கிடைத்தது, பத்து வருடம் ஒரு 911-ஐக் குறைந்த செலவில் ஓட்டிய அனுபவம். அது பெரிய விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை முதலீடு என்று சொல்லி யாருக்காவது விற்றால் அது தவறு.

எல்லா 996-ம் ஒரே மாதிரி ஏறவும் இல்லை. மேனுவல் கூப்பே முதலில், டிப்ட்ரானிக் ஆட்டோமேட்டிக்கும் திறந்த கூரை கேப்ரியோலேயும் தூரத்தில். டர்போவின் அகன்ற உடலோடு வந்த கரேரா 4எஸ்ஸுக்கு எப்போதும் தனிக் கூட்டம். 911-இன் நாற்பதாவது ஆண்டுக்காக 1,963 வண்டிகள் மட்டும் செய்தார்கள், 345 குதிரைத்திறன், அதற்கு இன்னும் மேலே. ஆனால் இந்த வகைகளைவிட ஒரே வகைக்குள் இருக்கும் இடைவெளிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே வருடம், ஒரே நிறம், ஒரே மைல் கணக்கு, ஒன்றில் தடித்த பில் கோப்பு இருக்கிறது, மற்றதில் இல்லை. விலையில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம்.

அந்தக் கோப்பை நம்பாதவர்கள் ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பார்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை நீளமாகக் கத்தரித்து, ஆயிலை வடித்து, வெளிச்சத்தில் மெதுவாக விரித்துப் பார்ப்பது. கறுப்புத் துணுக்கு என்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக், சங்கிலி உரசும் தாங்கிகளிலிருந்து வந்தது. மினுக்கும் துகள் இருந்தால் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். ஒட்டவில்லை என்றால் அலுமினியம் போன்றது, அதற்குத் தனிக் கவலை. ஒட்டினால் அது எஃகு, பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம், பேரம் அங்கேயே நின்றுவிடும். சில நிமிட வேலை, ஆனால் பல ஆயிரம் டாலர் அந்தக் காகித மடிப்புக்குள் இருக்கிறது.

பயம் இப்போது இடம் மாறியிருக்கிறது. 3.6 லிட்டர் 996-களிலும், அதைவிட அதிகமாக 997-இன் முதல் பாதியில் வந்த 3.8 லிட்டர் எஞ்சின்களிலும் சிலிண்டர் சுவரில் கோடு விழும் பிரச்சினை. சிறு கேமராவை உள்ளே விட்டுச் சுவரைப் படம் எடுத்து, அந்தப் படங்களை விளம்பரத்தோடு சேர்த்துப் போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. பேரிங்குக்கு இருந்தது போலச் சில ஆயிரத்தில் முடியும் மருந்து இதற்கு இல்லை. கோடு விழுந்தால் எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

2009 மாடலிலிருந்து 997-க்குப் புது எஞ்சின் வந்தது. இடைத்தண்டே இல்லை, சிலிண்டர் அமைப்பும் வேறு. 2008 வண்டியையும் 2009 வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினால் பின் விளக்கைத் தவிரப் பெரிதாக வித்தியாசம் தெரியாது, வயசும் ஒரே வருடம்தான் வேறு. விலையில் மட்டும் ஒரு வருடத்துக்குப் பொருந்தாத பெரிய இடைவெளி இருக்கிறது. முந்தைய பாதி வண்டியை வாங்க நினைப்பவர், சிலிண்டர் படங்கள் சுத்தமாக இருந்து, அதற்கும் அந்தப் பயத்தால் வந்த விலைக் குறைப்பே கிடைக்கிறது என்றால் தைரியமாக வாங்கலாம். படம் தர மறுக்கிற வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் தொட மாட்டேன்.